விழுந்தவனைக் கொல்லலாமா?

கார்கில் மலையில் மாண்ட விமானியின் கதை

காரைக்குடியில் திருச்சி ரயிலில் ஏறி உட்கார்ந்தால், கோட்டையூரைத் தாண்டியதும் ஒரு சிறு நிலையம் வரும். அதன் பெயர் செட்டிநாடு.

பெயரைக் கேட்டதும் பெரிய பெரிய வீடுகள்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, கண்ணாடி போல் பளபளக்கும் சுவர். இவற்றைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஆனால் அங்கே ஒரு விமானத் தளமும் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டாவது உலக யுத்த காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படை செட்டிநாட்டு ஓடுபாதையைப் பயன்படுத்தியது. யுத்தம் முடிந்தது. விமானங்கள் போய்விட்டன. ஓடுபாதை மட்டும் வெயிலில் காய்ந்து கிடக்கிறது.

இப்படிப்பட்ட ஓடுபாதைகளில் இருந்து கிளம்பிய விமானிகளில் எல்லோரும் திரும்பி வரவில்லை. சிலர் வானத்திலேயே மாண்டார்கள். வேறு சிலர் பாராசூட்டில் குதித்தார்கள். உயிரோடு தரையில் இறங்கினார்கள். ஆனாலும் வீடு திரும்பவில்லை.

அவர்களைக் கொன்றது யார்? கொன்றவனுக்குத் தண்டனை உண்டா?

இந்தக் கேள்வியை இந்தியாவும் கேட்டது. 1999ஆம் ஆண்டு, கார்கில் போரில் அஜய் அஹுஜா என்ற விமானி மாண்டபோது கேட்டது. அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

வானத்தைப் பார்த்து நடுங்கிய காலம்

வானத்தில் நடக்கும் போர் எப்படிப்பட்டது என்பது செட்டிநாட்டுக்குத் தெரியும்.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 23ந் தேதி. ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் நகரின் மீது குண்டு மாரி பொழிந்தன. அப்போது செட்டிநாட்டு ஊர்களில் பல வீடுகளில் ஆண்கள் இல்லை. கொண்டு விற்கப் போனவர்கள் பர்மாவில் இருந்தார்கள். ரங்கூன் செய்தி வந்ததும் ஆச்சிமார்கள் கலங்கிப் போனார்கள். கடிதம் வராதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பர்மாவில் இருந்து இந்தியர்கள் லட்சக்கணக்கில் கிளம்பினார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் காட்டிலும் மலையிலும் நடந்தே வந்தார்கள். வழியில் பசியிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம்.

அடுத்த ஏப்ரலில் ஆபத்து இன்னும் பக்கத்தில் வந்தது. 1942 ஏப்ரல் 5ந் தேதி கொழும்பு மீது குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. 9ந் தேதி திருகோணமலை. சென்னை நகரில் இருந்தவர்கள் மூட்டை முடிச்சுடன் ஊரைக் காலி செய்தார்கள்.

அந்தப் பெரும் படை வருவதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் ஒரு விமானி. அவர் பெயர் லியோனார்டு பிர்ச்சால். கனடா நாட்டுக்காரர். இலங்கையின் தென்கரையில் உள்ள கொக்கலையில் இருந்து, கடலில் இறங்கக்கூடிய பெரிய விமானத்தில் ஏப்ரல் 4ந் தேதி கிளம்பினார். நடுக்கடலில் ஜப்பானியக் கப்பல் படையைப் பார்த்தார். உடனே கம்பியில்லாத் தந்தியில் செய்தி அனுப்பினார். அதற்குள் ஜப்பானியச் சண்டை விமானங்கள் பாய்ந்து வந்து அவருடைய விமானத்தைச் சுட்டுக் கடலில் வீழ்த்தின. தண்ணீரில் தத்தளித்தவர்கள் மீதும் சுட்டன. விமானத்தில் இருந்தவர்கள் 9 பேர். அவர்களில் 3 பேர் மாண்டார்கள். மற்றவர்கள் கைதிகளானார்கள்.

பிர்ச்சால் 3 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். அங்கே நடந்த கொடுமைகளை ரகசியமாக எழுதி வைத்தார். யுத்தம் முடிந்தபின் நடந்த விசாரணைகளில் அந்தக் குறிப்புகள் சாட்சியம் ஆயின.

தண்ணீரில் தத்தளிப்பவனும் பாராசூட்டில் தொங்குபவனும் ஒன்றுதான். அவனால் யாருக்கும் ஆபத்து இல்லை. அவனைச் சுடுவது போரா, கொலையா?

திரும்பிப் போகாத விமானி

1999ஆம் ஆண்டு மே மாதம். காஷ்மீரில் கார்கில் மலைத் தொடர். 15 ஆயிரம் அடிக்கு மேற்பட்ட சிகரங்கள். மரம் கிடையாது. மூச்சு விடவே கஷ்டம். அந்தச் சிகரங்களைப் பாகிஸ்தான் தரப்பினர் ரகசியமாகப் பிடித்துக்கொண்டு, கீழே போகும் சாலையில் குண்டு வீசிக்கொண்டு இருந்தார்கள். அவர்களை விரட்ட இந்திய ராணுவம் மலை ஏறியது. மே 26ந் தேதி விமானப் படையும் போரில் இறங்கியது.

விமானிகளுக்கு ஒரு கண்டிப்பான உத்தரவு. எல்லைக் கோட்டைத் தாண்டக்கூடாது. குறுகிய மலை இடுக்கு. அதற்குள் பறக்க வேண்டும், அதற்குள்ளேயே திரும்ப வேண்டும்.

மே 27ந் தேதி, பிளைட் லெப்டினென்ட் நச்சிகேதா என்ற இளம் விமானி ஒரு மிக்-27 விமானத்தில் எதிரியின் நிலைகளைத் தாக்கினார். திடீரென்று அவருடைய விமானத்தின் எஞ்சின் நின்றுபோயிற்று. மீண்டும் இயங்க வைக்க முயன்றார். முடியவில்லை. பாராசூட்டில் குதித்துவிட்டார்.

அதே பகுதியில் ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹுஜா மிக்-21 விமானத்தில் பறந்துகொண்டு இருந்தார். எதிரியின் நிலைகளைப் படம் பிடிப்பது அவருடைய வேலை. ராஜஸ்தானில் உள்ள கோட்டா நகரத்துக்காரர். வயது 36. விமானப் படையில் சேர்ந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. '17ஆம் ஸ்குவாட்ரன்' என்ற விமானப் பிரிவின் மூத்த அதிகாரிகளில் ஒருவர். ஊரில் மனைவியும் சிறு மகனும் இருந்தார்கள்.

தோழன் விழுந்துவிட்டான் என்ற செய்தி அஹுஜாவுக்குக் கிடைத்தது.

அவர் தளத்துக்குத் திரும்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் திரும்பவில்லை. நச்சிகேதா எங்கே விழுந்தார் என்று கண்டுபிடித்துச் சொன்னால்தான் அவரை மீட்க ஹெலிகாப்டர் போக முடியும். ஆகவே, ஆபத்து என்று தெரிந்தும் அந்த இடத்தின் மேலேயே வட்டமிட்டார்.

மலை மேல் இருந்தவர்களிடம் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைகள் இருந்தன. இந்த ஏவுகணை, விமானத்தின் எஞ்சினில் இருந்து வரும் வெப்பத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு போகும். விமானம் வளைந்தால் அதுவும் வளையும். அப்படிப்பட்ட ஏவுகணை ஒன்று அஹுஜாவின் விமானத்தில் பாய்ந்தது.

விமானத்தில் ஏதோ பட்டுவிட்டது, ஏவுகணையாக இருக்கலாம், எஞ்சின் அணைகிறது, குதிக்கப் போகிறேன் என்று ரேடியோவில் தகவல் சொன்னார். அதன் பிறகு அவருடைய குரல் கேட்கவில்லை.

போர் விமானத்தில் இருந்து குதிப்பது என்றால் கதவைத் திறந்துகொண்டு குதிப்பது அல்ல. விமானி ஒரு பிடியை இழுப்பார். தலைக்கு மேல் உள்ள கண்ணாடிக் கூடு பறந்து போகும். இருக்கைக்கு அடியில் உள்ள ராக்கெட் வெடிக்கும். இருக்கையோடு சேர்த்து விமானியை அது வானத்தில் தூக்கி எறியும். அந்த அதிர்ச்சியில் முதுகெலும்பே முறிந்து போவது உண்டு. பிறகு பாராசூட் விரியும். அதன் பிறகு அவர் போர் விமானி அல்ல. காற்று தள்ளும் பக்கம் போகும் ஒரு தனி மனிதர்.

உடல் சொன்ன சாட்சி

அஹுஜாவின் உடலைப் பாகிஸ்தான் இந்தியாவிடம் ஒப்படைத்தது.

ஸ்ரீநகரில் டாக்டர்கள் பிரேத பரிசோதனை செய்தார்கள். உடலில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த காயங்கள் இருந்தன. இடது முழங்கால் முறிந்திருந்தது. அது பாராசூட்டில் வந்து தரையில் மோதியபோது ஏற்பட்ட முறிவு என்று கருதப்பட்டது. அப்படியானால் தரையைத் தொட்டபோது அவர் உயிரோடு இருந்திருக்கிறார். அதன் பிறகு யாரோ மிக அருகில் நின்று சுட்டிருக்கிறார்கள். இது இந்தியாவின் குற்றச்சாட்டு.

இந்திய அரசாங்கம் கடும் கண்டனம் தெரிவித்தது. பாகிஸ்தான் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளவில்லை.

சுட்டவன் யார் என்ற விசாரணை எந்த நீதிமன்றத்திலும் நடக்கவில்லை. ஒரு பெயரும் வெளிவரவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. போர் நடந்தபோது, மலையில் இருப்பவர்கள் எங்கள் ராணுவத்தினர் அல்ல என்று பாகிஸ்தான் சொன்னது. தாங்களாகவே போராடும் ஆட்கள் என்றது. ராணுவமே இல்லை என்றால், எந்தச் சிப்பாய், எந்த அதிகாரி என்று யாரைப் போய்க் கேட்பது? பிறகு, அங்கே மாண்ட தன் வீரர்களுக்குப் பாகிஸ்தானே உயர்ந்த விருதுகள் கொடுத்தது. உண்மை வெளியே வந்தது. ஆனால் விசாரணை வரவில்லை.

ஓர் அதிகாரியின் சொல்

யாரைத் தேடி அஹுஜா வட்டமிட்டாரோ, அந்த நச்சிகேதா என்ன ஆனார்?

அவர் பனி மலையில் உயிரோடு இறங்கினார். பாகிஸ்தான் சிப்பாய்கள் அவரைப் பிடித்தார்கள். ஆத்திரத்தில் அடித்தார்கள். அந்த நேரத்தில் அங்கே வந்த ஒரு பாகிஸ்தான் அதிகாரி சிப்பாய்களைத் தடுத்தார். இதை நச்சிகேதாவே பின்னாளில் சொன்னார். ஒரு வாரம் கழித்து, ஜூன் 3ந் தேதி அவர் விடுவிக்கப்பட்டார். செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் நாடு திரும்பினார். முதுகில் பட்ட காயத்தால் சண்டை விமானம் ஓட்ட முடியாமல் போயிற்று. ஆனாலும் சரக்கு விமானம் ஓட்டினார். பல ஆண்டுகள் பணி செய்து ஓய்வு பெற்றார்.

ஒரே நாள். ஒரே மலை. இரண்டு விமானிகள். ஒருவரைக் காப்பாற்ற ஓர் அதிகாரி இருந்தார். மற்றொருவருக்கு அப்படி யாரும் இல்லை.

எதிரியை மதிக்கும் குணம் அந்தப் போரில் இந்தியத் தரப்பிலும் தெரிந்தது. கேப்டன் கர்னல் ஷேர் கான் என்ற பாகிஸ்தான் அதிகாரி, டைகர் ஹில் பகுதியில் கடைசிவரை போராடி மாண்டார். அவருடைய வீரத்தைக் கண்டு வியந்த இந்தியப் படைத் தளபதி ஒருவர், இவர் மிகத் தீரமாகப் போரிட்டார் என்று ஒரு சீட்டில் எழுதி, அதை அந்த உடலின் சட்டைப் பையில் வைத்து அனுப்பினார். பாகிஸ்தான் அவருக்குத் தன் நாட்டின் மிகப் பெரிய வீர விருதைக் கொடுத்தது.

இது நமக்குப் புதிய தர்மம் அல்ல. ராமாயணக் கதையில், முதல் நாள் போரில் தேரையும் ஆயுதத்தையும் இழந்து வெறுங்கையோடு நின்றான் ராவணன். ராமன் ஓர் அம்பு விட்டிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். ராமன் விடவில்லை. போய்விட்டு மறுநாள் வரும்படி அனுப்பி வைத்தான். கோவில் திண்ணையில் கதை கேட்ட பாட்டிமார்களுக்கும் இது தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பாட்டிமார்கள் அறிந்த இந்தத் தர்மத்தை உலக நாடுகள் சட்டமாகவே எழுதி வைத்திருக்கின்றன.

1949ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ந் தேதி ஜெனிவா நகரில் 4 ஒப்பந்தங்கள் நிறைவேறின. இந்தியாவும் பாகிஸ்தானும் அவற்றை ஏற்றுக்கொண்ட நாடுகள். 3ஆம் ஒப்பந்தம் போர்க் கைதிகளைப் பற்றியது. கைதியைக் கொல்லக்கூடாது. சித்திரவதை செய்யக்கூடாது. கூட்டத்தின் முன் நிறுத்தி அவமானப்படுத்தக்கூடாது. காயம் பட்டிருந்தால் வைத்தியம் செய்ய வேண்டும். கைதி சொல்ல வேண்டியவை நான்கே நான்கு: பெயர், பதவி, ராணுவ எண், பிறந்த தேதி. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லும்படி அவனைக் கட்டாயப்படுத்த முடியாது.

1977ஆம் ஆண்டில் இன்னும் ஒரு விதி எழுதப்பட்டது. ஆபத்தில் சிக்கிய விமானத்தில் இருந்து பாராசூட்டில் குதிப்பவரை, இறங்கும்போது சுடக்கூடாது. தரையில் இறங்கியதும் சரண் அடைய அவகாசம் கொடுக்க வேண்டும். அவர் சண்டை போடத் தொடங்கினால் மட்டுமே தாக்கலாம். அந்தத் தனி ஒப்பந்தத்தை இந்தியாவும் பாகிஸ்தானும் உறுதி செய்யவில்லை. ஆனாலும் எல்லாப் படைகளும் மதிக்க வேண்டிய பொது வழக்கம் அது என்றே கருதப்படுகிறது.

கைதியை வேண்டுமென்றே கொல்வது மிகப் பெரிய குற்றம். அப்படிச் செய்தவனைத் தேடிப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துவது, ஒப்பந்தத்தை ஏற்ற ஒவ்வொரு நாட்டின் கடமை. கொன்றவன் தன் நாட்டுச் சிப்பாயாக இருந்தாலும் சரி.

தேடிப் பிடித்த கதைகள்

உலகத்தில் எங்காவது அப்படி நீதி கிடைத்திருக்கிறதா? கிடைத்திருக்கிறது.

1944 மார்ச் மாதம். ஜெர்மனியின் விமானிகள் சிறை ஒன்றில் இருந்து, கைதிகள் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். வெளியேறியவர்கள் 76 பேர். அவர்களில் 3 பேர் மட்டுமே நாடு போய்ச் சேர்ந்தார்கள். பிடிபட்டவர்களில் 50 பேரை ஜெர்மன் ரகசியப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓடியபோது சுட்டோம் என்று பொய் சொன்னார்கள்.

யுத்தம் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப் படை ஒரு துப்பறியும் குழுவை அனுப்பியது. அதன் முக்கிய அதிகாரியான பிராங்க் மெக்கென்னா, முன்பு போலீசில் வேலை பார்த்தவர். இடிந்து கிடந்த ஜெர்மனி முழுவதும் அலைந்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டு ஒளிந்தவர்களைத் தேடிப் பிடித்தார்கள். 1947ஆம் ஆண்டு ஹாம்பர்க் நகரில் 18 பேர் மீது வழக்கு நடந்தது. 13 பேர் 1948 பிப்ரவரியில் தூக்கில் இடப்பட்டார்கள்.

எல்லா வழக்கும் அப்படி முடியவில்லை. 1942ஆம் ஆண்டு ஜப்பான் மீது குண்டு வீசிய அமெரிக்க விமானிகளில் 8 பேர் பிடிபட்டார்கள். 3 பேரை ஜப்பானியர் ஷாங்காய் நகரில் அக்டோபர் 15ந் தேதி சுட்டுக் கொன்றார்கள். 1946ஆம் ஆண்டு அதே ஷாங்காயில் ஜப்பானிய அதிகாரிகள் 4 பேர் மீது வழக்கு நடந்தது. கிடைத்த தண்டனை 5 ஆண்டு, 9 ஆண்டு சிறை மட்டுமே.

நம் பக்கத்துக் கடலில் நடந்த சம்பவம் இன்னும் கசப்பானது. 1945 ஜனவரியில் திருகோணமலையில் இருந்து ஒரு பிரிட்டிஷ் கப்பல் படை கிளம்பியது. அதன் விமானிகள் சுமத்ரா தீவில் உள்ள பாலெம்பாங் எண்ணெய் ஆலைகளைத் தாக்கினார்கள். பிடிபட்டவர்களில் 9 பேர் சிங்கப்பூருக்குக் கொண்டு போகப்பட்டார்கள். ஜப்பானியர் அவர்களின் தலையை வெட்டிக் கொன்றார்கள். விசாரணை நெருங்கியபோது, அதற்குப் பொறுப்பான அதிகாரி நடந்ததை எழுதி வைத்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். சிங்கப்பூர் அப்போது செட்டிநாட்டார் கிட்டங்கி வைத்துத் தொழில் செய்த ஊர்.

மூன்று கதைகளிலும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. யுத்தத்தில் ஜெயித்தவர்கள் தோற்ற நாட்டுக்குள்ளேயே போய்த் தேட முடிந்தது. அதனால் விசாரணை நடந்தது. கார்கிலில் அப்படி இல்லை. எல்லைக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் இந்தியா யாரையும் விசாரிக்க முடியவில்லை.

பூட்டிய கதவு

ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றம் இருக்கிறதே, அங்கே போகலாமே?

அங்கேதான் ஒரு விசித்திரம்.

கார்கில் போர் முடிந்த சில நாட்களில், 1999 ஆகஸ்ட் 10ந் தேதி, பாகிஸ்தான் கடற்படை விமானம் ஒன்றை இந்தியா சுட்டு வீழ்த்தியது. அதில் இருந்த 16 பேரும் மாண்டார்கள். விமானம் எல்லையை மீறியது என்றது இந்தியா. இல்லை என்றது பாகிஸ்தான். அந்த வழக்கைப் பாகிஸ்தான்தான் ஹேக் நீதிமன்றத்துக்குக் கொண்டு போனது.

இந்தியா ஒரு பதில் சொன்னது. காமன்வெல்த் நாடுகளுக்குள் நடக்கும் தகராறில் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை இந்தியா ஏற்கவில்லை, இதை 1974ஆம் ஆண்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்றது. பாகிஸ்தானும் காமன்வெல்த் நாடு. 2000ஆம் ஆண்டு ஜூன் 21ந் தேதி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 14 நீதிபதிகள் இந்தியாவின் வாதத்தை ஏற்றார்கள். 2 பேர் ஏற்கவில்லை. வழக்கை விசாரிக்க அதிகாரம் இல்லை என்று முடிந்தது.

அன்று இந்தியாவைக் காப்பாற்றிய அதே கதவு, அஹுஜாவுக்காக நீதி கேட்டுப் போகும்போது குறுக்கே நிற்கிறது. நமக்கு வேண்டாதபோது பூட்டிய கதவு, வேண்டும்போது எப்படித் திறக்கும்?

கார்கிலில் பிடிபட்ட கேப்டன் சவுரப் காலியாவும் 5 சிப்பாய்களும் சித்திரவதை செய்யப்பட்டார்கள் என்று இந்தியா குற்றம் சாட்டியது. அவர்களின் உடல்கள் 1999 ஜூன் 9ந் தேதி ஒப்படைக்கப்பட்டன. காலியாவின் தந்தை சும்மா இருக்கவில்லை. எத்தனையோ கதவுகளைத் தட்டினார். 2012ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட்டார். இந்த விஷயத்தைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டு போக வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. அவருக்கும் காமன்வெல்த் என்ற அந்தச் சுவர்தான் முன்னால் நின்றது.

தமிழ்நாடு விழித்திருந்த இரவு

அஹுஜா மாண்டு 20 ஆண்டுகள் ஓடின. 2019 பிப்ரவரி 27ந் தேதி, மீண்டும் ஒரு மிக்-21 விமானம் எல்லைக்கு அந்தப் பக்கம் விழுந்தது. இந்த முறை விமானி தமிழ்நாட்டுக்காரர். பெயர் அபிநந்தன்.

ஊர் மக்கள் சூழ்ந்துகொண்டு அடித்தார்கள். பாகிஸ்தான் ராணுவத்தினர் வந்து அவரை மீட்டுக் கொண்டு போனார்கள். முகத்தில் ரத்தத்தோடு அவர் நின்ற படம் உலகம் முழுவதும் பரவியது. கேட்ட கேள்விகளுக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னார். மற்றவற்றுக்குப் பதில் சொல்ல மறுத்தார். சட்டம் அவருக்குக் கொடுத்த உரிமை அது.

தமிழ்நாட்டில் கோவில், மசூதி, சர்ச் எல்லா இடத்திலும் பிரார்த்தனை நடந்தது. மார்ச் 1ந் தேதி இரவு, வாகா எல்லையில் அவர் நடந்து வந்தபோது, டீக்கடை டெலிவிஷன் முன் நின்ற கூட்டம் கைதட்டியது. வீடுகளில் பெண்கள் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்த மகிழ்ச்சியின் அளவைப் பார்த்தால்தான், கோட்டா நகரில் 1999ஆம் ஆண்டு எவ்வளவு பெரிய துக்கம் விழுந்தது என்பது புரியும். ஒரு வீட்டுக்கு மகன் வந்தான். இன்னொரு வீட்டுக்கு உடல் வந்தது. இரண்டு பேரும் ஒரே மாதிரி விமானத்தில் போனவர்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரி பாராசூட்டில் இறங்கியவர்கள்.

காலியாக விட்ட இடம்

அஜய் அஹுஜாவுக்கு 1999 ஆகஸ்ட் 15ந் தேதி, சுதந்திர தினத்தன்று, 'வீர் சக்ரா' விருது அறிவிக்கப்பட்டது.

அவர் இருந்த 17ஆம் ஸ்குவாட்ரனுக்குக் கார்கில் போரின்போது தலைவராக இருந்தவர் தனோவா. அவர் பின்னாளில் இந்திய விமானப் படைக்கே தளபதியானார். 2019 மே 27ந் தேதி, அஹுஜா மாண்டு சரியாக 20 ஆண்டுகள் ஆன அன்று, தனோவா பஞ்சாபில் உள்ள பிசியானா விமானத் தளத்துக்குப் போனார். தாமே ஒரு மிக்-21 விமானத்தில் ஏறினார். மற்ற விமானங்கள் அம்பு வடிவில் அவருடன் பறந்தன. அந்த அணியில் ஓர் இடம் மட்டும் காலியாக விடப்பட்டது. மாண்ட தோழனுக்கு விமானப் படையினர் செய்யும் மரியாதை அது.

செட்டிநாட்டு வீடுகளிலும் அப்படி ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் மறைந்தவர்களை மறக்க மாட்டார்கள். படைப்பு நாளில் பங்காளிகள் எல்லோரும் கூடி, முன்னோர்களை நினைத்து இலை போட்டுப் படைப்பார்கள். போனவர் பெயர் வீட்டில் நிலைத்து நிற்கும்.

2025 செப்டம்பர் 26ந் தேதி, மிக்-21 விமானங்களுக்கே இந்திய விமானப் படை விடை கொடுத்தது. 60 ஆண்டுகளுக்கு மேல் பறந்த விமானம் ஓய்வு பெற்றுவிட்டது. அஹுஜாவின் 17ஆம் ஸ்குவாட்ரன் இப்போது ரபேல் விமானங்களை ஓட்டுகிறது.

விமானம் மாறிவிட்டது. வழக்கு மட்டும் தொடங்கவே இல்லை.

நீதிமன்றம் தண்டிப்பது ஒரு வகை நீதி. அது அஹுஜாவுக்கு இன்னும் கிடைக்கவில்லை. நடந்ததை மறைக்க விடாமல் திரும்பத் திரும்பச் சொல்வது இன்னொரு வகை நீதி. இதற்கு வக்கீலும் வேண்டாம், சாட்சிக் கூண்டும் வேண்டாம். பிர்ச்சால் சிறைக்குள் ரகசியமாக எழுதிய குறிப்புதானே பிறகு சாட்சியம் ஆயிற்று? சிங்கப்பூரில் மாண்ட 9 பேரின் கதையும், எழுதி வைத்த ஒரு வாக்குமூலத்தால்தானே வெளியே வந்தது?

செட்டிநாட்டு ஓடுபாதையில் மீண்டும் விமானம் இறங்க வேண்டும் என்று இந்த வட்டாரத்து மக்கள் கேட்டு வருகிறார்கள். ஒரு நாள் அது நடக்கலாம். விமானத்தைப் பார்க்க ஓடி வரும் பிள்ளைகளுக்கு, அதை ஓட்டுபவர்களின் கதையையும் சொல்ல வேண்டும். தோழன் விழுந்த இடத்தை விட்டுப் போகாமல் நின்ற ஒரு விமானி இருந்தார் என்று சொல்ல வேண்டும். விழுந்தவனைக் கொல்வது வீரம் அல்ல என்றும் சொல்ல வேண்டும்.

அவர் பெயர் அஜய் அஹுஜா.